பதினாலு அங்குலச் சிரிப்பு

மாவுக்காரர் வைரத்தைத் தரையில் கொட்டிய நாளிலிருந்து, அந்தப் பட்டறையில் தயாரான பிளேடுகள் எல்லாம் அவருடைய மனைவியின் குரலில் சிரித்தன. பதினாலு அங்குல பிளேடு நான்கு விநாடி சிரித்தது. இருபத்து நாலு அங்குலம் ஒன்பது விநாடி. கையில் பிடிக்கும் மெஷினுக்குப் போகிற சின்ன பிளேடுகள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுபோல, 'க்கும்' என்ற ஒரு சத்தத்தோடு நிறுத்திக்கொண்டன. விலையில் மாற்றம் இல்லை.

வைரம் என்றதும் நகைக்கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தொழிற்சாலையில் சமைத்த வைரம். மஞ்சளும் பச்சையுமாக, செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்ட ஆற்றுமணலைப்போல இருக்கும். பிளாஸ்டிக் புட்டியில் வரும். இதைக் கோபால்ட், செம்பு, வெள்ளீயம், இரும்பு என்று நாலைந்து உலோகப் பொடிகளோடு கலந்தால் கிடைப்பதற்குப் பட்டறையில் மாவு என்று பெயர். மாவை அழுத்தினால் பிஸ்கட். பிஸ்கட்டைக் கிராஃபைட் அச்சில் அடுக்கி, கரண்ட் பாய்ச்சி, எண்ணூறு டிகிரியில் மூன்று நிமிடம் நெருக்கினால் பல். பல்லை வட்டமான எஃகுத் தகட்டின் விளிம்பில் வரிசையாக நிறுத்தி, இடையில் வெள்ளித் துண்டு வைத்துச் சுடர் காட்டி ஒட்டினால் பிளேடு. அது ரோட்டை அறுக்கும், சுவரை அறுக்கும், கருங்கல்லை அறுக்கும். மாவைக் கலப்பவர் மாவுக்காரர். பல்லை ஒட்டுவது அவருடைய மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அவர் கலந்ததை அவள் ஒட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

மாவுக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு பெருமை இருந்தது. அது அவருடைய வலது கட்டைவிரல். ஒரு சிட்டிகை மாவை எடுத்துத் தேய்த்துப் பார்த்தே, செம்பு எவ்வளவு, கோபால்ட் எவ்வளவு, எந்தப் பொடி நேற்று மழையில் ஈரம் குடித்தது என்று சொல்லிவிடுவார். லேபிள் கிழிந்த டப்பாக்கள் எல்லாம் நேராக அந்த விரலிடம்தான் வரும். வீட்டில் சர்க்கரையையும் ரவையையும்கூட அவர் கண்ணால் பார்த்து எடுத்ததில்லை. இந்தப் பெருமை தலைக்கேறி, தன் வேலை அல்லாத வேலைகளிலும் போய் மூக்கை நுழைப்பார். முடிந்த பிளேடைத் தட்டிக் காதால் கேட்பது சுத்தியல்காரரின் வேலை. ஆனாலும் மாவுக்காரர் ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றை எடுத்து, பரீட்சை மார்க் ஷீட்டைப் பிடிப்பதுபோல முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு தட்டுத் தட்டி, இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டுத்தான் கீழே வைப்பார். என்ன புரிந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் சங்கடம்.

பழைய சுத்தியல்காரர் மகளோடு போய் இருக்கிறேன் என்று வேலையை விட்ட பிறகு புதியவர் வந்தார். முப்பத்தைந்து வயது. சட்டைக்கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருப்பார். வந்த இரண்டாம் நாளே பட்டறை முழுக்க அவருக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள்: மாவுக்காரர் அண்ணன், அடுப்புக்காரர் மாமா, மாவுக்காரரின் மனைவி அண்ணி. அந்த 'அண்ணி'யில் கடைசி எழுத்தை அவர் தேவைக்கு மேல் நீட்டுவதாக மாவுக்காரருக்குப் பட்டது. ஆனால் வேலையில் குறை சொல்ல முடியவில்லை. பிளேடு நிற்கும்போது தட்டையாக இருந்தால், ஓடும்போது விளிம்பு இழுத்துக்கொண்டு நெளியும். அதனால் பட்டடை இரும்பின்மேல் வைத்து நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டித்தட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தளர்த்திவிட வேண்டும். நிற்கும்போது கொஞ்சம் கோணலாக இருப்பதுதான் ஓடும்போது நேராகும். எத்தனை அடி, எந்த இடத்தில் என்பதற்குப் புத்தகம் கிடையாது. புதியவர் ஒற்றை விரலைத் தகட்டின் நடுத்துளையில் நுழைத்துத் தொங்கவிடுவார், மரப்பிடியால் ஒரு தட்டு, காதைச் சாய்ப்பார், பிறகு மூன்றே அடி. முடிந்தது.

அவர் வந்த நான்காம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மாவுக்காரர் வழக்கம்போல ஒரு பிளேடைத் தட்டித் தலையாட்டி வைத்துவிட்டு, ஐந்து கிலோ மாவுச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கலக்கும் டிரம்மை நோக்கி நடந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தாள். காலிக் குடம் படியில் உருள்வதுபோலத் தொடங்கிய சிரிப்பு, உருண்டு உருண்டு வேகம் பிடித்து, கடைசியில் மூச்சுக் கிடைக்காமல் ஒரு சின்ன விக்கலில் முடியப் பார்த்தது. அப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. யாருடா இது என்று திரும்பினார். அவருடைய மனைவி. உதட்டைப் பிரிக்காமல் சிரிக்கிறவள் என்றுதான் பதினோரு வருஷமாக அவளை அவருக்குத் தெரியும். இப்போது புறங்கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள், மூடியும் அடங்கவில்லை. அவள் பார்வை போன பக்கம் சுத்தியல்காரர் நின்றார். மின்விசிறிக்கு இறக்கை எத்தனை என்று எண்ணுகிறவர்போல மேலே பார்த்துக்கொண்டு நின்றார். மாவுக்காரரின் கால் தரையில் கிடந்த காற்றுக்குழாயில் மாட்டியது.

வைரம் கொட்டினால் பெரிய சத்தம் ஒன்றும் வராது, சர்க்கரை கொட்டியதுபோலத்தான். ஆனால் மாவு புழுதியாக எழும்பியது. சிரிப்பு இன்னும் காற்றில்தான் இருந்தது. எழும்பிய மாவு அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே படிந்தது. கீழே கொட்டிய மாவைக் கூட்டி எடுத்தால் மூன்று தடவை சலிக்க வேண்டும் என்பது பட்டறையின் சட்டம். அதைச் சுவரில் எழுதி ஒட்டியவரே மாவுக்காரர்தான். அன்றைக்கு அவர் சலிக்கவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில் தென்னங்குச்சித் துடைப்பத்தால் ஒரே வாரலாக வாரி டிரம்மில் போட்டு மூடிவிட்டார். நடந்த தவறு இவ்வளவுதான்.

திங்கட்கிழமை அந்தச் சரக்கின் முதல் பிளேடைச் சுத்தியல்காரர் விரலில் தொங்கவிட்டுத் தட்டினார். 'டிங்' என்று வர வேண்டிய இடத்தில் குடம் உருண்டது. நான்கு விநாடி. கடைசியில் விக்கல். பட்டறை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைத் தொடர்ந்தது, ஏனென்றால் அன்று மாலை லாரி வர வேண்டியிருந்தது. மாவுக்காரர் ஓடிப்போய் அதே பிளேடை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துத் தட்டினார். 'டொக்.' இன்னொன்றை எடுத்தார். 'டொக்.' சுத்தியல்காரர் வாங்கித் தட்டினார். சிரித்தது.

ஒரே சரக்கோடு போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு கலவையிலும் ஒரு கைப்பிடி எடுத்து ஜாடியில் வைத்து, அடுத்த கலவையில் போடுவது பட்டறையின் வழக்கம். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. சரக்குக்குச் சரக்கு குணம் மாறாமல் இருக்க அது உதவும் என்று கண்டுபிடித்தவரும் மாவுக்காரர்தான். அந்தக் கைப்பிடி வழியாகச் சிரிப்பு அடுத்த சரக்குக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. ஏழு வருஷம் போனது. வீட்டில்தான் இல்லை. ஒரே ஒரு சிரிப்புதான் இருந்தது, அது மாவோடு போய்விட்டது என்று ஊரில் சொன்னார்கள். மனைவி முன்பு உதட்டைப் பிரிக்காமல் சிரித்துக்கொண்டிருந்ததும் நின்றது. சமைத்தாள், துணி மடித்தாள், நல்லபடியாகப் பேசினாள். சிரிக்கவில்லை.

ஊருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. புது பிளேடு கல்லில் இறங்கும்போது ஒரு முறை சிரிக்கும், பிறகு ஓய்ந்து வேலை செய்யும், கல் மாறும்போது மறுபடி சிரிக்கும். சூடு தணிக்கத் தண்ணீர் விட்டால் வாய் கொப்பளித்துக்கொண்டே சிரிப்பது போலக் கேட்கும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சுவர் அறுத்தபோது மூன்றாவது மாடி நோயாளிகள் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். கோர்ட்டு வாசலில் கேபிள் போட ரோட்டை அறுத்த வாரத்தில் ஏழு ஜோடிகள் விவாகரத்து மனுவைத் திரும்பப் பெற்றன. ஆனால் மாவுக்காரரின் இடத்தில் நின்று இதைப் பார்க்க வேண்டும். காலையில் பால் வாங்கப் போனால் தெருமுனையில், முகம் தெரியாத ஒருவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெஷினைத் தள்ளுகிறான். அவனுக்காக அவருடைய மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் பாலத்துக்கடியில் சிரிக்கிறாள். பல் வலிக்குப் போனால் டாக்டர் வீட்டுப் பின்கட்டில் கொத்தனாரோடு சிரிக்கிறாள். அந்த ஊரில் அவளைச் சிரிக்கவைக்காத ஆண்மகன் ஒருவர்தான் இருந்தார், அவருக்குத்தான் ரேஷன் கார்டில் கணவர் என்று பெயர்.

மூன்றாம் வருஷத்திலிருந்து அவருடைய சட்டைக் காலரிலிருந்து லேசாகப் புகை வர ஆரம்பித்தது. அதிகமில்லை, அணைத்த ஊதுவத்தி அளவுக்குத்தான். சுத்தியல்காரர் பக்கம் போனால் கொஞ்சம் கூடும். முதலாளியம்மா தீயணைக்கும் சிலிண்டரை மாவு அறைக்குப் பக்கத்தில் மாற்றி மாட்டச் சொன்னார். மனைவி காலரை வாரத்துக்கு இரண்டு முறை தனியாகத் துவைத்தாள். வேறு யாரும் அதைப் பேசவில்லை.

மாவுக்காரர் சும்மா இருக்கவில்லை. முதலில் சலித்தார். எந்தக் கண் சல்லடையிலும் சிரிப்பு தங்கவில்லை. பிறகு ஜாடியிலிருந்த கைப்பிடி மாவைப் போடாமல் மூன்று சரக்குக் கலந்தார். அவை ஊமையாக வந்தன. "கேக்க ஒண்ணுமில்லாம நான் எங்கண்ணே அடிக்கிறது?" என்று சுத்தியல்காரர் கைவிரித்தார். சிரிக்காத பிளேடை எவனும் வாங்கவுமில்லை. முதலாளியம்மா தன் கையாலேயே ஜாடியைக் கொண்டுவந்து மாவு அறையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்து அவர் இறங்கியது பிணைப்பில். மாவில் வைரத்தைப் பிடித்துவைத்திருக்கும் உலோகத்துக்குப் பிணைப்பு என்று பெயர். பிளேடை வடிவமைப்பது என்பதே முக்கால்வாசி இந்தப் பிணைப்பைத் தீர்மானிப்பதுதான். கெட்டியான கல்லுக்கு மென்மையான பிணைப்பு, மென்மையான தார் ரோட்டுக்குக் கெட்டியான பிணைப்பு. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகத்தான் போடுவார்கள். கருங்கல்லில் வைரம் சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதைப் பிணைப்பு விட்டுக்கொடுத்து உதிர்த்தால்தான் அடியில் இருக்கும் புது வைரம் தலைகாட்டும். விட்டுக்கொடுக்காத பிணைப்பு, மழுங்கியதையே கட்டிக்கொண்டு கிடந்து, முகம் பார்க்கிற கண்ணாடிபோல ஆகிவிடும். இருபது வருஷ அனுபவத்தில் இதை நூறு பேருக்குச் சொன்னவர், ஒரு கருங்கல் குவாரி ஆர்டருக்குக் கோபால்ட்டை அள்ளிப் போட்டு, சிறைக்கதவு மாதிரி ஒரு பிணைப்பைத் தயாரித்தார். சிரிப்பு உள்ளேயே கிடக்கட்டும் என்பது எண்ணம். உள்ளேயே கிடந்தது. நாலாம் நாள் குவாரிக்காரர் போன் செய்தார். "சார், உங்க பிளேடு கல்லைத் தடவிக் குடுக்குது. தாலாட்டு ஒண்ணுதான் பாடலை. அறுக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் வாங்கினோம்."

அவர் கேட்காத ஆளும் இல்லை. கேள்வி ஒன்றுதான்: எனக்கு மட்டும் ஏன் சிரிக்க மாட்டேங்குது? முதலாளியம்மா, "சிரிக்கிற பொருளை யாராச்சும் குறை சொல்லுவாங்களா? போங்க, டிரம் ஓடிக்கிட்டு இருக்கு" என்றார். அடுப்புக்காரர், "எனக்குத் தெரிஞ்சது எண்ணூறு டிகிரி. அதுக்கு மேல என்னைக் கேக்காதப்பா" என்றார். காது டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். சுத்தியல்காரரிடம் கேட்பதற்கு ஐந்து வருஷம் பிடித்தது. அவர், "அது ஒண்ணுமில்லண்ணே, கைவாகுதான்" என்று சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அவசரமாகத் தண்ணீர் குடிக்கப் போனார். பட்டறை ஆட்கள் பதில் சொல்லும்போது மாவுக்காரரின் கையையே பார்த்தது அவருக்கு விசித்திரமாக இருந்தது. மோதிரம் ஏதாவது போட்டிருக்கிறாரா என்று பார்க்கிறார்கள் போலும் என்று விட்டுவிட்டார். மனைவியிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அவள் உண்மை பேசுகிறவள். அதுதான் பயம்.

எட்டாம் வருஷம் தொடக்கத்தில் அவருக்கு அம்புக்குறி யோசனை வந்தது. ஒவ்வொரு பிளேடின் முகத்திலும் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று ஓர் அம்பு அடித்திருக்கும். வைரம் அறுத்துக்கொண்டு போகும்போது தனக்குப் பின்னால் உலோகத்தில் சின்னதாக ஒரு வாலை விட்டுக்கொண்டே போகும்; அந்த வால்தான் அதை முதுகில் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. திருப்பிச் சுற்றினால் வால் முன்னால் வந்துவிடும், முதுகுக்கு முட்டு இருக்காது, வைரம் உதிர்ந்துவிடும். பட்டறையில் பிளேடுக்குக் கண் திறப்பது என்று ஒன்று உண்டு. கடைசியில் பிளேடைச் சாணைக்கல்லில் ஒரு சுற்று ஓட்டி வைரத்தை வெளியே எட்டிப்பார்க்க வைப்பது. அப்போதே வால் விழுந்துவிடும், திசை நிலைத்துவிடும். அதற்குப் பிறகு அம்பை மாற்றுகிறவன் முட்டாள். மாவுக்காரர் இப்படி யோசித்தார்: சிரிப்பு போனது ஒரு திசையில். பிளேடு திரும்பிச் சுற்றினால் சிரிப்பும் வந்த வழியே திரும்பும். திரும்பித் திரும்பி எங்கே போகும்? கிளம்பிய இடத்துக்குத்தானே போக வேண்டும்? யோசித்ததில் தவறில்லை என்று அவர் கட்டைவிரலும் சொன்னது. சுத்தியல்காரர் டீ குடிக்கப் போன இருபது நிமிடத்தில், அவருடைய மேஜையிலிருந்த அம்பு அச்சுத்தகட்டைத் திருப்பி வைத்து, நாற்பது பிளேடுகளுக்கு அவரே பெயின்ட் அடித்தார்.

செவ்வாய்க்கிழமை அவை வெவ்வேறு வேலையிடங்களில் ஓடின. பதினோரு மணிக்குள் ஏழு இடத்தில் வேலை நின்றது. பாலத்தடியில் மெஷின் தள்ளியவன் அதை அப்படியே விட்டுவிட்டு ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டான். ஆஸ்பத்திரியில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். ரோடு கான்ட்ராக்டர் ஐந்து பிளேடுகளை வண்டியில் போட்டுக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்து இறங்கினார். "அம்மா, வைரம் உதிருதுன்னு திருப்பிக் குடுக்கலாம்னுதான் வந்தேன். ஆனா அது ரெண்டாவது. இது அழுவுதும்மா," என்றார்.

முற்றத்தில் மெஷினில் மாட்டி, அம்பு காட்டிய பக்கமே ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் விக்கல் வந்தது. பிறகு மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, ஓரம் வரை வந்து வழியாமல் நிற்கிற ஒரு சத்தம். வேகம் குறைந்து குறைந்து, படியேற முடியாத குடம்போல ஓரிடத்தில் நின்றுவிட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாவுக்காரருக்கு மட்டும் அந்தச் சத்தம் புதிதில்லை. சமையலறையில் குழாய் திறந்திருக்கும்போதெல்லாம் அதைக் கேட்டிருக்கிறார். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் நாட்களில் அது அதிகமாக வரும். குழாய்தான் கத்துகிறது என்று இரண்டு முறை வாஷர் மாற்றியிருக்கிறார். மூன்றாம் முறை பிளம்பர், "குழாய்ல ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கூலிகூட வாங்காமல் போயிருந்தான்.

"யாரு அம்பைத் திருப்பிப் போட்டது?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"நான்தாம்மா," என்றார் சுத்தியல்காரர். "அச்சு திரும்பியிருந்துச்சு. கவனிக்காம அடிச்சிட்டேன்."

இத்தனை வருஷமும் சுத்தியல்காரருடைய விரலுக்கும் காதுக்கும்தான் பொறாமைப்பட வேண்டியிருந்தது. இனி அந்த நல்ல மனசுக்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்றதும் மாவுக்காரருக்குத் தாங்கவில்லை. காலர் புகைந்தது.

"அவரு இல்லம்மா. நான்தான் திருப்பினேன்," என்றார்.

"நீங்களா? ஏங்க? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"சிரிப்பு திரும்பி வரும்னு நெனச்சேன்."

"எங்க திரும்பி வரும்?"

"வீட்டுக்கு."

கான்ட்ராக்டர் தன் வண்டியின் டயரில் காற்று இருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்த்தார். மாவுக்காரரின் காலரிலிருந்து வந்த புகை, ஐந்து வருஷத்தில் முதல் முறையாக, நின்றது. அவருடைய மனைவி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். சுடர் வேலைக்கான கறுப்புக் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாற்பது பிளேடிலும் அம்பைச் சுரண்டி மறுபடி சரியாக அடித்துக் கொடுப்பது என்று முடிவாகி, எல்லோரும் கலைந்தார்கள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் மாவுக்காரர் மனைவியின் மேஜைக்குப் போனார். அவள் சுடரை அணைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பதினாலு அங்குல பிளேடு ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. ஏழு வருஷமாக ஊர் முழுக்கக் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, அதற்கு அடியில் இருந்ததைக் கேட்டார்.

"அன்னிக்கு அவரைப் பாத்து ஏன் சிரிச்சே?"

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "ஆமா, அவரைப் பாத்துத்தான் சிரிச்சேன்," என்றாள்.

மாவுக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சட்டியைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பினீங்க. இவரு இந்தப் பக்கம் ஒரு பிளேடை எடுத்து, உங்களை மாதிரியே தட்டிக் காமிச்சாரு."

"என்னை மாதிரின்னா?"

அவள் ஆறிக்கொண்டிருந்த பிளேடைத் துணியால் பிடித்து எடுத்தாள். முகத்துக்கு நேரே தூக்கி, விளிம்பில் கட்டைவிரலை நன்றாக அழுத்திப் பதித்துக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டினாள். 'டொக்.' உடனே கண்ணை மூடி, கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்போல இரண்டு முறை தலையை ஆட்டினாள்.

"அச்சு அசலா நீங்க. கட்டைவிரலை மேல வச்சு அமுக்கிக்கிட்டா எந்தத் தகடுங்க சத்தம் போடும்? டொக்குங்கும், நீங்க எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டுவீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து தெனம் பாக்குறேன். பதினோரு வருஷமா பல்லைக் கடிச்சு அடக்கி வச்சிருந்த சிரிப்புங்க அது. அந்த மனுஷன் ஒரு நிமிஷத்துல அவுத்து விட்டுட்டாரு."

மாவுக்காரர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். சர்க்கரையையும் ரவையையும் இருட்டில் பிரித்துச் சொல்லும் விரல்.

"அப்போ எனக்கு மட்டும் சிரிக்காதது..."

"விரலை எடுங்க. சிரிக்கும்."

"இதை ஏன் ஏழு வருஷமா சொல்லல?"

"ஊரெல்லாம் கேட்டீங்க. காது டாக்டரைக் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

அவர் பிளேடை வாங்கினார். நடுத்துளையில் ஒற்றை விரலை நுழைத்துத் தொங்கவிட்டார். கட்டைவிரலுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் காற்றில் தவித்துவிட்டு, உள்ளங்கைக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. அவள் சுத்தியல்காரரின் மேஜையிலிருந்து மரப்பிடியை எடுத்து நீட்டினாள். தட்டினார். குடம் உருண்டது, உருண்டு உருண்டு வேகம் பிடித்தது, விக்கலில் முடிந்தது. நான்கு விநாடி. விலையில் மாற்றம் இல்லை. அவள் அதுவரை பொறுமையாக நின்றுவிட்டு, "சரி, அதை வச்சிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்றாள்.